டாப்பட் கவர் பேக்கிங் போனதற்கு ஹெட் கேஸ்கட் பில்: கார் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்

அப்பாவின் ஸ்விஃப்ட் பெட்ரோல் கார் பத்து வருஷத்தைத் தாண்டிவிட்டது. சிக்னலில் நின்றாலே எண்ணெய் தீயும் வாடை வந்தது. கோவையில் ஓரளவு பெரிய ஒர்க்‌ஷாப்பில் காட்டினார். பானெட்டைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஹெட் கேஸ்கட் போயிருச்சுங்க, இப்படியே ஓட்டினா இன்ஜின் சீஸ் ஆயிரும்" என்று பயமுறுத்தியிருக்கிறார்கள். ஹெட் கேஸ்கட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேலுள்ள சிலிண்டர் ஹெட்டுக்கும் நடுவே வரும் சீல்), ஹெட்டின் அடிப்பரப்பைச் சமன் செய்யும் ஃபேசிங், கூலன்ட், கூலி எல்லாம் சேர்த்து 22,000 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள்.

சில வாரங்களிலேயே அதே வாடை. கூடவே இன்ஜின் விட்டுவிட்டு ஓடும் மிஸ்ஸிங். எங்கள் ஏரியா மெக்கானிக் அண்ணன் இக்னிஷன் காயிலைக் கழற்றி, ஸ்பார்க் பிளக் குழிக்குள் டார்ச் அடித்துக் காட்டினார். குழியில் ஆயில் தேங்கி நின்றது. அப்புறம் ஹெட்டுக்கு மேல் மூடியாக இருக்கும் டாப்பட் கவரைத் தூக்கினார். உள்ளே ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர் பேக்கிங் பழையதேதான்! சூட்டில் வெந்து பிளாஸ்டிக் மாதிரி விறைத்திருந்தது, வளைத்ததும் பட்டென்று ஒடிந்தது. அதன் மேலேயே சுற்றிலும் சாம்பல் நிற சிலிக்கான் பேஸ்ட்டை அப்பியிருந்தார்கள். உள்பக்கம் பிதுங்கியிருந்த பேஸ்ட் துண்டுகளை அண்ணன் ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். இது பிய்ந்து, அடியில் ஆயில் தங்கும் சம்ப்புக்குள் விழுந்து, ஆயிலை வடிகட்டும் ஸ்ட்ரெய்னரை அடைத்தால் ஆயில் பிரஷரே போய்விடும். இல்லாத கோளாறைச் சொல்லிப் பணம் பிடுங்கியதைவிட, நல்ல இன்ஜினுக்குள் இந்த ஆபத்தை வைத்து அனுப்பியதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஹெட்டைத் தொடவே இல்லை. இந்த இன்ஜினில் ஹெட்டைக் கழற்ற வேண்டுமென்றால் டைமிங் செயின் கவரைத் திறந்தாக வேண்டும். அதன் ஓரத்தில் கம்பெனி போட்ட சீலன்ட் பிரியாமல் அப்படியே இருந்தது. ரேடியேட்டரிலும் அதே பழுப்பேறிய கூலன்ட்.

ஹெட் கேஸ்கட் போனால் பெரும்பாலும் கூலன்ட் குறையும், இன்ஜின் சூடேறும், சைலன்சரில் வெள்ளைப் புகை விடாமல் வரும், ஆயில் மூடிக்கடியில் பால் கலந்த காபி நிறத்தில் படியும். அப்பாவின் வண்டியில் இதில் ஒன்றுகூட இல்லை. டாப்பட் கவரிலிருந்து வழியும் ஆயில் கீழே இறங்கி எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் பட்டால் வாடை வரும். அதையும் அலட்சியமாக விடக்கூடாது, தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. ஆனால் பேக்கிங் விலை சில நூறு ரூபாய்தான். பிளக் குழி சீல்களையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் பிசிவி வால்வு அடைத்திருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். அடைத்திருந்தால் உள்ளே அழுத்தம் ஏறி, புது பேக்கிங்கும் கசியும். பேஸ்ட் தேவைப்படுவது டைமிங் கவரும் ஹெட்டும் சேரும் மூலைகளில் ஒரு பொட்டு, அவ்வளவுதான். போல்ட்டை மூச்சைப் பிடித்து முறுக்கினால் அலுமினிய மரை போய்விடும், அதனால் அளவான விசையில் முறுக்கும் டார்க் ரெஞ்ச் மெக்கானிக் வைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்காமல் பணம் தராதீர்கள்.

அந்த ஒர்க்‌ஷாப்பில் போய்க் கேட்டதற்கு, "வெளியே திறந்துட்டீங்க, இனி நாங்க பொறுப்பில்லைங்க" என்றார்கள். பில்லும், கவரைத் திறந்தபோது எடுத்த வீடியோவும் இருக்கின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்தாயிற்று. பணம் திரும்ப வராவிட்டால் அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது, 2 வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும். இதே மாதிரி ஏமாந்தவர்கள் பில்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.