அம்பாறையில் புதியவர்களுக்கான .22 றைபிள் போட்டி: ஒரு நாள் போய்வந்து எழுதும் மதிப்பீடு

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, அம்பாறை நகருக்கு வெளியே உள்ள ஒரு சூட்டுத் திடலில், இதுவரை துவக்கையே தொட்டிராதவர்களுக்கென்று நடத்தப்பட்ட .22 றைபிள் (குழலின் விட்டம் ஏறத்தாழ 0.22 அங்குலமான சிறிய துவக்கு) போட்டியில் பதினாறு வயதான என் பெறாமகளும் நானும் கலந்துகொண்டோம். நான் மட்டக்களப்பில் உடற்கல்வி கற்பிப்பவள். வலைப்பந்தும் எல்லேயும் மெய்வல்லுநர் போட்டிகளும் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒத்துவருவதில்லை. ஓட முடியாத, ஆனால் மணிக்கணக்கில் ஒன்றிலேயே மனத்தை வைத்திருக்கக்கூடிய பிள்ளைகளுக்கு என்ன விளையாட்டைக் காட்டுவது என்ற கேள்வி எனக்குப் பல வருடங்களாக உண்டு. அதற்கு விடை தேடித்தான் போனேன்.

புறப்படுவதற்கு முதல்நாள் இரவு அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "துவக்குச் சத்தத்துக்கு ஓடின காலம் போதாதாகா?" இந்த மாவட்டத்தில் எந்த வீட்டிலும் எழக்கூடிய கேள்வி அது, தட்டிவிட்டுப் போகக்கூடியதும் அல்ல. அந்தக் கேள்வியோடு இருக்கும் பெற்றோரை மனத்தில் வைத்தே இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன்.

கல்முனை, காரைதீவு, சம்மாந்துறை வழியாகப் போகும் முதல் பஸ்ஸில் ஏறினால் எட்டு மணிப் பதிவுக்குச் சரியாகப் போய்ச் சேரலாம். கட்டணம் ஆளுக்கு 3,000 ரூபாய். துவக்கு, ரவைகள், காதுக் கவசம், கண்ணாடி, மதியச் சாப்பாடு எல்லாம் அதற்குள் அடங்கும். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களுக்குப் பெற்றோரின் சம்மதக் கடிதமும், கூடவே ஒரு பெரியவரும் வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். சொந்தமாக எதையும் கொண்டுபோகத் தேவையில்லை. நம் நாட்டில் 1916ஆம் ஆண்டின் சுடுபடைக்கலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி துவக்கு வைத்திருப்பதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும், அதை ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும் என்பதால், போட்டியை நடத்தும் கழகத்தின் துவக்கைக் கழகத்தின் திடலிலேயே எடுத்து, அங்கேயே வைத்துவிட்டு வரும் இந்த ஏற்பாடு புதியவர்களுக்கு மிகப் பொருத்தமானது. வீட்டுக்குள் துவக்கு வரப்போவதில்லை என்பதைப் பெற்றோர் முதலில் தெரிந்துகொள்வது நல்லது.

முதல் ஒன்றரை மணிநேரம் ஒரு ரவைகூடச் சுடப்படவில்லை. தகரக் கூரையின் கீழ் கதிரைகளில் எங்களை இருத்தி, துவக்கின் வாய் எப்போதும் திடலின் பின்னால் குண்டுகளைத் தடுக்கும் மண் அணைப் பக்கமே இருக்க வேண்டும், குறிவைத்து முடியும்வரை விரல் விசைக்கு வெளியே இருக்க வேண்டும், வெறுமையாக இருக்கிறது என்று யார் சொன்னாலும் உள்ளே ரவை இருப்பதாகவே எண்ண வேண்டும் என்பவற்றை ஒவ்வொருவரையும் எழுப்பிச் செய்துகாட்டச் சொன்னார்கள். சுடாத வேளைகளில் ரவை அறைக்குள் செம்மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் கொடி ஒன்று செருகப்பட்டிருக்கும்; அது வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைத் தூரத்திலிருந்தே எவரும் பார்த்துத் துவக்கு வெறுமை என்று உறுதிசெய்யலாம். பிள்ளைகளுக்கு இந்தப் பகுதி சலிப்பூட்டும் என்று நினைத்தேன், ஆனால் முன்வரிசையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் திருத்தத் தொடங்கியதைப் பார்த்தபோது, ஓர் ஆசிரியையாக எனக்கு உண்மையான மகிழ்ச்சி உண்டாயிற்று.

.22 ரவையை றிம்பயர், அதாவது விளிம்பில் தீமூட்டும் ரவை, என்று ஏன் சொல்கிறார்கள் என்பது எனக்கு விளங்கியது பாடத்தில் அல்ல, திடலில். முதல் சுற்றில் எனக்கு இடப்புறம் படுத்திருந்த ஒரு பெண் பிள்ளை விசையை அழுத்தியபோது 'டிக்' என்ற ஓசை மட்டுமே வந்தது. அவள் பதறவில்லை. சொல்லித் தந்தபடியே துவக்கின் வாயைக் குறிப்பலகைப் பக்கம் வைத்துக்கொண்டு ஒரு கையை உயர்த்தினாள். பயிற்றுநர் வந்து அருகில் முழந்தாளிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி 30 செக்கன் காத்திருந்தார். சில ரவைகள் பிந்தி வெடிக்கக்கூடும் என்பதற்காக அந்தக் காத்திருப்பு. பிறகு ரவையை வெளியே எடுத்து எங்கள் எல்லோருக்கும் காட்டினார். சின்ன விரலின் நகத்தைவிட ஒடுங்கிய பித்தளைக் கோது; அதன் அடிவிளிம்பில் துவக்கின் அடிக்கும் ஊசி பட்ட சிறிய பள்ளம். பெரிய ரவைகளில் தீமூட்டும் மருந்து அடியின் நடுவில் தனிக் குப்பியாக இருக்கும். இதிலோ அது விளிம்பின் உட்புறத்தில் சுற்றிவர இருக்கிறது. ஊசி விளிம்பில் அடிப்பதால்தான் அந்தப் பெயர். மருந்து சரியாகப் பரவாத இடத்தில் ஊசி விழுந்தால் இப்படி ஓசையோடு நின்றுவிடும்.

இந்த விளையாட்டு ஏன் புதியவர்களுக்கு ஏற்றது என்பதற்கான விடையும் அந்த விளிம்பில்தான் இருக்கிறது. ஊசி நசுக்கக்கூடிய அளவுக்குக் கோது மெல்லியதாக இருக்க வேண்டும்; மெல்லிய கோது பெரிய அழுத்தத்தைத் தாங்காது; ஆகவே குண்டைத் தள்ள உள்ளே இடப்படும் வெடிமருந்தும் குறைவு, தோளில் படும் பின்னுதைப்பும் மிகக் குறைவு. 1887ஆம் ஆண்டு முதல் புழக்கத்தில் உள்ள .22 லோங் றைபிள் ரவையின் ஈயக் குண்டு ஏறத்தாழ 2.6 கிராம்தான். போட்டிக்கான ரவைகள் செக்கனுக்கு 330 மீற்றர் அளவில், ஒலியின் வேகத்தைத் தாண்டாமல் செல்வதால், வயலில் யானை விரட்டப் போடும் வெடியைக் கேட்டுப் பழகிய எங்கள் காதுகளுக்கு அந்தச் சத்தம் காய்ந்த தடி முறிவது போலத்தான் இருந்தது. என் பெறாமகள் முதல் ரவைக்குக் கண்ணை மூடிக்கொண்டாள், மூன்றாவதற்கு மூடவில்லை. ஆனாலும் சிறியது என்று அலட்சியம் செய்யக்கூடாது. அதே குண்டு ஒரு கிலோமீற்றருக்கும் அப்பால் பறக்கக்கூடியது. காதுக் கவசமின்றிச் சுட்டால் செவிக்குக் கேடுதான். திடலின் பின்னால் உயர்ந்த மண் அணை இருந்ததையும், கவசம் அணியாத எவரையும் சூட்டுக் கோட்டருகே விடாததையும் நான் கவனித்துக் குறித்துக்கொண்டேன்.

போட்டி 25 மீற்றர் தூரத்தில் மூன்று கட்டங்களாக நடந்தது: மணல்மூட்டையில் தாங்கி 10 ரவை, படுத்தபடி 10, நின்றபடி 10. மொத்தம் 300 புள்ளிகள். அமெரிக்காவில் சிவிலியன் மார்க்ஸ்மன்ஷிப் புரோகிராம் என்ற அமைப்பு நடத்தும் றிம்பயர் ஸ்போட்டர் போட்டியைப் பின்பற்றி இதை எளிமைப்படுத்தியதாகச் சொன்னார்கள். அங்கு ஏழரை இறாத்தலுக்கு மேற்படாத சாதாரண .22 றைபிளால் 25, 50 யார் (கஜம்) தூரங்களில் 60 ரவைகளைச் சுட்டு 600 புள்ளிகளுக்குப் போட்டியிடுகிறார்கள். விலையுயர்ந்த விறைப்பான மேலங்கியும் தனிச் சப்பாத்தும் இல்லாமல், கையில் கிடைத்த துவக்கோடு சமமாக நிற்கலாம் என்பதுதான் அந்த வடிவத்தின் சிறப்பு; இங்கேயும் அது அப்படியே பேணப்பட்டிருந்தது.

மணல்மூட்டையில் எனக்கு நன்றாகவே போயிற்று. படுத்தபடி சுடத் தொடங்கியதும் என் குண்டுகள் எல்லாம் வலப்பக்கம் கீழே ஒரு மூலையில் போய்க் குவிந்தன. பயிற்றுநர் திட்டவில்லை, பேசவும் இல்லை. ரவை அறைக்குள் பிளாஸ்டிக் போலி ரவை ஒன்றை இட்டார், ஏனென்றால் றிம்பயர் துவக்கை வெறுமையாக விசையழுத்தினால் ஊசி அறையின் விளிம்பில் மோதிப் பழுதாக்கும். பிறகு ஓர் இரண்டு ரூபாய்க் குற்றியைக் குழலின் நுனிக்கருகே வைத்து, விழாமல் விசையை அழுத்துங்கள் டீச்சர் என்றார். நான்கு முறை குற்றி புல்லில் விழுந்தது. ஐந்தாவது முறை மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, குறிப்பலகையை மறந்து முன் குறிகாட்டியின் வளையத்தை மட்டும் பார்த்துக்கொண்டு, விரலை மிக மெதுவாகப் பின்னிழுத்தபோது, விசை எப்போது விடுபட்டது என்றே எனக்குத் தெரியவில்லை. குற்றி அசையாமல் இருந்தது. ஒரு பிள்ளைக்குத் தன் பதற்றத்தை இவ்வளவு தெளிவாகக் கண்ணால் காட்டக்கூடிய பயிற்சி வேறெதையும் நான் இருபது வருட ஆசிரியத் தொழிலில் கண்டதில்லை. முடிவில் எனக்கு 174, அவளுக்கு 201.

இனிக் குறைகள். அவற்றில் ஒன்று மிகப் பாரதூரமானது.

கலந்துகொண்டவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் தமிழ் பேசுவோர், தமிழரும் முஸ்லிம்களுமாக. சிங்களத்தில் நடந்த காலைப் பாடத்தைச் சம்மாந்துறையைச் சேர்ந்த ஒரு தம்பி தானாகவே முன்வந்து மொழிபெயர்த்தார். அவர் இல்லாவிட்டால் எங்கள் பக்கத்துக்கு எதுவும் விளங்கியிராது. திடலில் கட்டளைகள் யாவும் சிங்களத்தில் மட்டுமே வந்தன. இரண்டாவது சுற்றின் நடுவில் மண் அணையின் ஓரமாக ஒரு மாடு ஏறி வந்துவிட்டது. பொறுப்பாளர் ஒலிபெருக்கியில் வேகமாக ஒரு நீண்ட வசனத்தைச் சொன்னார். சிங்களம் தெரிந்தவர்கள் உடனே துவக்கைக் கீழே வைத்தார்கள். எங்கள் வரிசையில் காதுக் கவசத்தோடு படுத்திருந்த ஒரு பையன் அதற்குப் பிறகும் ஒரு ரவை சுட்டான். ஒன்றும் நடக்கவில்லை, மாடும் தன்பாட்டில் இறங்கிப் போயிற்று. ஆனால் நிறுத்து என்ற கட்டளை ஒரே கணத்தில் எல்லோர் காதிலும் ஒரே பொருளோடு விழ வேண்டிய இடம் அது. மாட்டுக்குப் பதிலாக ஒரு மனிதர் ஏறி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு எனக்கு வீடு வந்தபிறகும் போகவில்லை. மொழி உரிமையைப் பற்றி வேறிடத்தில் பேசலாம். இங்கே மொழி என்பது காதுக் கவசத்தையும் மண் அணையையும் போன்ற ஒரு பாதுகாப்புச் சாதனம், அது பாதிப்பேருக்கு வழங்கப்படவில்லை. மூன்று மொழியிலும் ஒற்றைச் சொற் கட்டளையும், கூடவே ஒரு விசில் ஒலியும் போதும். அதற்குச் செலவே இல்லை.

இரண்டாவது குறை, வருத்தத்தோடு சொல்லவேண்டியது. சூட்டுக் கோட்டுக்கு இறங்க ஆறு படிகள் இருந்தன, கைபிடி இல்லை. செயற்கைக் காலோடு வந்திருந்த ஒருவரை இருவர் தாங்கித்தான் இறக்கினார்கள். 1976ஆம் ஆண்டிலிருந்தே பராலிம்பிக்கில் இடம்பெற்றுவரும் விளையாட்டு இது; துவக்கின் பாரத்தைத் தாங்கக்கூடியவர்களுக்கு எஸ்எச் 1, தாங்க இயலாதவர்கள் தாங்கியில் வைத்துச் சுடுவதற்கு எஸ்எச் 2 என்று தனித்தனி வகுப்புகளே உண்டு. போரில் கால் இழந்தவர்கள் இல்லாத ஊர் இங்கே குறைவு. அவர்களும் மற்றவர்களும் ஒரே வரிசையில் அமர்ந்து போட்டியிடக்கூடிய விளையாட்டொன்றுக்கு ஒரு சாய்தளம் போடாமல் விடுவது பெரிய இழப்பு.

பெண்களுக்கான மலசலகூடம் தொலைவில் இருந்தது, காத்திருப்போருக்கு நிழல் போதவில்லை, சாப்பாடு பரவாயில்லை. மதியம் பொதிகளைப் பிரிக்கப் போன பிள்ளைகளைப் பயிற்றுநர் மறித்து, குண்டுகளிலிருந்து கையில் ஒட்டும் ஈயம் உடலுக்கு நஞ்சு என்று விளக்கிக் கைகழுவ அனுப்பியது நல்ல காரியம். ஆனால் அத்தனை பேருக்கும் ஒரே குழாயும் ஒரே சவர்க்காரக் கட்டியும்தான்.

இங்கிருந்து அடுத்து எங்கே போகலாம் என்று பிள்ளைகள் கேட்டார்கள். தோக்கியோ ஒலிம்பிக்கில் 10 மீற்றர் எயார் றைபிள் (காற்றழுத்தத்தால் சுடும் துவக்கு) போட்டியில் இலங்கைக்காகப் பங்குபற்றிய தெஹானி எகொடவெலவைப் பற்றிப் பயிற்றுநர் சொன்னார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் தோக்கியோவிலும் பாரிஸிலும் இந்தியாவுக்காகச் சுட்டதை நான் சொன்னபோது, தமிழ்ப் பெயரைக் கேட்டு எங்கள் பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற, முழந்தாளிட்டும் படுத்தும் நின்றும் சுடும் 50 மீற்றர் மூன்று நிலைப் போட்டியில் பயன்படுவது நாங்கள் அன்று கையில் வைத்திருந்த அதே .22 ரவைதான். அந்தக் குறிப்பலகையில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 10.4 மில்லிமீற்றர், ஒரு சட்டைப் பொத்தான் அளவு. அதை 50 மீற்றர் தள்ளி வைத்துக் காட்டியபோது யாரும் கொஞ்சநேரம் பேசவில்லை.

போக விரும்புவோர் கழுத்து மூடிய நீளக்கைச் சட்டை அணிந்து போங்கள். பக்கத்தவரின் துவக்கிலிருந்து தெறிக்கும் சூடான கோது கழுத்துக்குள் விழுந்தால் எரியும், எரியும்போது துள்ளி எழுவது ஆபத்து. தொப்பியும் தண்ணீரும் வேண்டும். சிங்களம் தெரியாத பிள்ளையைத் தனியே அனுப்பாதீர்கள்.

அம்மாவுக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று கேட்பீர்கள். பெறாமகள்தான் சொன்னாள். குற்றியைக் குழலில் வைத்த கதையை ஒரு விளக்குமாற்றுத் தடியில் செய்துகாட்டினாள். அம்மா கடைசிவரை பார்த்துவிட்டு, அடுத்தமுறை யார் கூடப் போவது என்று மட்டும் கேட்டார்.

அடுத்த போட்டி மூன்று மாதத்தில் என்று ஏற்பாட்டாளர்கள் சொன்னார்கள். திடல் கட்டளைகள் அனைத்தையும் தமிழில் எழுதி, பெரிய எழுத்தில் அச்சிட்டு, சென்ற வாரம் அவர்களுக்கு அனுப்பிவைத்தேன். கோட்டருகே ஒட்டுவதாகவும், தமிழில் கட்டளை சொல்ல ஒருவரை நிறுத்துவதாகவும் தொலைபேசியில் சொல்லியிருக்கிறார்கள். அப்படிச் செய்தால் என் வகுப்பிலிருந்து ஆறு பிள்ளைகளை அழைத்துப் போவேன். செய்யாவிட்டால், செய்யும்வரை தனியே போய்க் கேட்டுக்கொண்டிருப்பேன்.