தாஜ்மகாலுக்குக் களிமண், அக்ரோபொலிஸுக்கு லேசர்: எது சரி?

அழுக்கை நீக்க, ஆக்ராவில் தாஜ்மகாலின் பளிங்குச் சுவருக்கு முல்தானி மட்டி என்னும் களிமண்ணைப் பூசுகிறார்கள். அதற்காகவே கிரேக்கத்தின் ஏதென்ஸில், அக்ரோபொலிஸ் என்னும் பழங்காலக் கோயில் குன்றின் பளிங்குச் சிலைகளின் மீது லேசர் கதிர் பாய்ச்சுகிறார்கள். நாம் இன்னும் மண்ணைக் குழைத்துக்கொண்டிருக்கிறோமே என்று அலுத்துக்கொள்பவர்கள் உண்டு. அந்த அலுப்பில் நியாயமில்லை. எந்த முறை என்பதை முடிவு செய்ய வேண்டியது கல்லில் இருக்கும் அழுக்கு.

ராஜஸ்தானின் மக்ரானாக் கல்லும் ஏதென்ஸ் அருகே வெட்டியெடுத்த பெண்டெலிக் கல்லும் ஒரே வகைப் பிறப்புதான்: சுண்ணாம்புப் பாறை நிலத்தடியில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறி, கால்சைட் என்னும் கனிமத்தின் படிகங்களாக இறுகியவை. அவற்றுக்கு நேர்ந்த கேடுகள்தான் வேறு. தாஜ்மகாலின் பழுப்பு நிறத்துக்குக் காற்றில் வரும் கரித்துகள், புழுதி, உயிர்ப்பொருள்களும் குப்பையும் எரிவதால் உண்டாகும் பழுப்புக் கார்பன் ஆகியவை காரணம் என்று ஐஐடி கான்பூரும் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்திய ஆய்வு சொல்கிறது. இவை கல்லின் மேல் படிந்தவை. ஏதென்ஸில் நடந்தது அதைவிட மோசம். கந்தக டைஆக்சைடு ஈரத்தோடு சேர்ந்து கால்சைட்டை ஜிப்சமாக மாற்றியது; அந்த ஜிப்சம் கரியைச் சிறைபிடித்துக் கறுப்புப் பொருக்காக இறுகியது. மழை நேராகக் கழுவாத மடிப்புகளில்தான் அது தடிக்கும். அது வெறும் அழுக்கல்ல, உருமாறிய கல். உளியின் பழைய தடம்கூட அதற்குள் பதிந்திருக்கலாம்.

இந்தியத் தொல்லியல் துறை 1994 முதல் கையாளும் முறை எளிமையானது. களிமண் குழம்பை மெல்லப் பூசி, காயவிட்டு, காய்ச்சி வடித்த நீரால் கழுவுகிறார்கள். மண் கறையை உறிஞ்சிக்கொள்கிறது. பெரும் பரப்புக்கு இதைவிடப் பொருத்தமான முறையை நான் அறியேன். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு: கல்லின் மேற்பரப்பு உறுதியாக இருக்க வேண்டும். கால்சைட் படிகம் சூடேறும்போது ஒரு திசையில் விரிந்து மற்றொரு திசையில் சுருங்கும் இயல்புடையது. வெயிலும் குளிரும் மாறிமாறித் தாக்கினால் படிகங்களின் பிடி தளர்ந்து, பளிங்கு சர்க்கரைபோல் உதிரும். அத்தகைய இடத்தில் காய்ந்த மண்ணோடு கல்லின் மணிகளும் பெயர்ந்து வந்துவிடும்.

அங்கே லேசர் வெல்கிறது. அது கல்லைத் தொடுவதில்லை. கறுப்புப் பொருக்கு கதிரை விழுங்கிச் சிதறுகிறது, வெண்கல் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. அகச்சிவப்புக் கதிரை மட்டும் பயன்படுத்தினால் கல் மஞ்சளாகத் தெரியும் என்பதால், அக்ரோபொலிஸ் அருங்காட்சியகத்தில் காரியாடிட் எனப்படும், தூண்களாக நிற்கும் பெண் சிலைகளுக்கு 1064 நானோமீட்டர் அலைநீள அகச்சிவப்பையும் 355 நானோமீட்டர் அலைநீளப் புறஊதாவையும் ஒருசேரச் செலுத்தினார்கள். வேலை மிக மெதுவாக, சிறுசிறு பரப்பாகத்தான் நகரும்.

மூன்றாவது வழி சுரண்டல். பிரிட்டிஷ் அருங்காட்சியகம் 1930களின் இறுதியில் அக்ரோபொலிஸின் பார்த்தினன் கோயில் சிற்பங்களைச் செப்பு உளியாலும் கார்போரண்டம் என்னும் கடினமான தேய்ப்புப் பொருளாலும் தேய்த்தது. போன மேற்பரப்பு திரும்பவில்லை. அதை ஒரு தெரிவாகவே நான் எண்ணவில்லை.

தாஜ்மகாலின் வெற்றுச் சுவர்களுக்கும் குவிமாடத்துக்கும் களிமண்ணே போதும். வண்ணக் கற்கள் பதித்த பூவேலைக்கு அருகில் லேசரைக் கொண்டுபோக நான் தயங்குவேன். அடர்நிறக் கல் கதிரை உறிஞ்சிச் சூடாகிவிடும். படிகம் உதிரத் தொடங்கிய செதுக்கு வேலைப்பாடு வெண்பளிங்கில் இருந்தால் மட்டும் அங்கே லேசரைச் சோதித்துப் பார்க்கலாம்.