பிரேக்கரா, ட்ரிப் சுவிட்சா?

வெள்ளவத்தையில் பழைய வீடொன்றை வாடகைக்குப் பார்க்கப் போனால், நான் முதலில் திறப்பது மின்பெட்டியைத்தான். வரிசையாக நிற்கும் சிறு பிரேக்கர்கள் வயரைக் காப்பவை: சுமை கூடினாலோ ஷார்ட் ஆனாலோ விழும்.

ஆளைக் காப்பது ட்ரிப் சுவிட்ச். உயிர்க்கம்பியில் போகும் மின்னோட்டம் நொதுமல் கம்பியில் முழுமையாகத் திரும்புகிறதா என்று ஓயாமல் ஒப்பிடுகிறது. 30 மில்லி அம்பியர் கசிந்தாலே கணத்தில் துண்டித்துவிடும். கசியும் கேத்தலை ஈரக்கையால் தொட்டவரின் உடலில் அதைவிடப் பல மடங்கு பாய்ந்தாலும், 16 அம்பியர் பிரேக்கர் அசையாது. உயிர் போக உடலில் பாயும் அந்த மின்னோட்டமே தாராளமாகப் போதும்!

இரண்டும் வேண்டும். ஆனாலும் ட்ரிப் சுவிட்ச் இல்லாத வீட்டுக்கு நான் முற்பணம் கொடுக்கமாட்டேன். இருந்தால், மின்சாரம் உள்ளபோதே அதன் சோதனைப் பொத்தானை அழுத்துங்கள். விழாவிட்டால் குடிபுகுமுன் மாற்றச் சொல்லுங்கள்.