பிளேஃபேர் டிஸ்ப்ளே போல்டு இட்டாலிக்: மணமக்கள் பெயருக்குச் சரி, மண்டப முகவரிக்கு வேண்டாம்

கல்யாணக் கார்டு டிசைன் செய்வதுதான் என் பிழைப்பு. கார்டின் ஆங்கிலப் பக்கத்துக்குப் பல வருடமாக என் கை தானாகப் போவது பிளேஃபேர் டிஸ்ப்ளே என்ற ஃபாண்டின் (எழுத்துருவின்) போல்டு இட்டாலிக்குக்குத்தான், அதாவது அதன் தடித்த, சாய்ந்த வடிவத்துக்கு. டென்மார்க்காரர் கிளாவுஸ் எக்கர்ஸ் சோரென்சன் வரைந்தது. கூகுள் ஃபாண்ட்ஸில் இலவசம், தொழிலுக்கும் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

மணமக்கள் பெயரை 48 பாய்ண்டில் அடித்துப் பாருங்கள். தடித்த கோடு நல்ல தடிமன், மெல்லிய கோடு முடி மாதிரி. நேர் எழுத்தைச் சும்மா சாய்த்து வைத்த இட்டாலிக் இல்லை, தனியாகவே வரைந்திருக்கிறார். இரண்டு பெயருக்கும் நடுவில் வரும் ‘அண்டு’ குறி (&) கம்பிக் கோலம் போல வளைந்து நிற்கும். அதற்காகவே இந்த ஃபாண்டைக் கேட்டு வருகிறவர்கள் உண்டு.

ஆனால் எண்கள்! ஒரு பெண்ணின் அப்பா கார்டைக் கண்ணுக்கு அருகே பிடித்து, “ஏன் தம்பி, தேதி மேலயும் கீழயும் குதிக்குது?” என்றார். இதில் தானாக வருவது பழைய பாணி எண்கள். 0, 1, 2 குட்டையாக இருக்கும், 6, 8 தலைதூக்கும், 3, 4, 5, 7, 9 கீழே இறங்கும். டிசைன் மென்பொருளில் ஃபாண்டின் கூடுதல் வசதிகளைக் காட்டும் ஓப்பன்டைப் அமைப்பில் ‘லைனிங்’ என்பதைத் தேர்ந்தால் எல்லாம் ஒரே உயரத்துக்கு வந்துவிடும். அன்றைக்கு எனக்கு அது தெரியாது. எண்ணுக்கு மட்டும் வேறு ஃபாண்டு போட்டு ஒப்பேற்றினேன்.

அதைவிடப் பெரிய அடி ஸ்கிரீன் பிரிண்டிங்கில். சொரசொரப்பான மெரூன் அட்டையில் தங்க மை, மண்டபத்தின் பெயர் 11 பாய்ண்டில், எல்லாம் பெரிய எழுத்தில். ‘மஹால்’ என்ற சொல்லில் ஹெச்சின் நடுக்கோடு மையே பிடிக்கவில்லை. இரண்டு ஐ எழுத்து பக்கத்தில் பக்கத்தில் நின்றது. 200 கார்டு வீண். தப்பு என்னுடையது, பணமும் என்னுடையது.

இந்த ஃபாண்டுக்கு முன்னோடிகளில் ஒன்று 18ஆம் நூற்றாண்டில் பர்மிங்காமில் ஜான் பாஸ்கர்வில் அமைத்த எழுத்து. மெல்லிய கோடு தெளிவாக விழ வேண்டும் என்று அந்த மனுஷன் காகிதத்தைச் சூடான தகடுகளுக்கிடையே அழுத்தி வழவழப்பாக்கினார். நானோ அதே வகை எழுத்தைக் கொண்டுபோய்ச் சொரசொரப்பில் அடித்திருக்கிறேன்! இப்போது வழவழப்பான ஆர்ட் அட்டை என்றால் மட்டும் இது, அதுவும் 24 பாய்ண்டுக்குக் கீழே இறக்குவதில்லை. முகவரிக்குச் சாதாரண நேர் எழுத்து போதும்.

இதில் தமிழ் எழுத்து கிடையாது. ஜோடி சேரட்டும் என்று தமிழையும் சாய்க்காதீர்கள், ‘ழ’ வழுக்கி விழுவது போலிருக்கும்.

அப்புறம், கோரல் டிரா என்ற டிசைன் மென்பொருளின் பழைய பதிப்பை வைத்திருப்பவர்கள், கூகுள் ஃபாண்ட்ஸிலிருந்து இறக்கிய ஜிப்பில் ‘ஸ்டாடிக்’ என்ற ஃபோல்டரைத் திறந்து போல்டு இட்டாலிக் ஃபைலையே நிறுவுங்கள். ரெகுலரை மட்டும் போட்டுவிட்டு பி, ஐ பட்டன்களை அழுத்தினால் சில மென்பொருள்களில் வருவது போலிச் சாய்வு. அதில் அந்தக் கோல வளைவு வராது.