பனூஃப்னிக், லுட்டோஸ்லாவ்ஸ்கி: வெளியேறியவரும் தங்கியவரும்

ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது வார்சாவின் காபிக்கடைகளில் இரட்டைப் பியானோ வாசித்துப் பிழைத்த போலந்து இசையமைப்பாளர்கள் ஆன்ட்ஜெய் பனூஃப்னிக்கும் விட்டோல்ட் லுட்டோஸ்லாவ்ஸ்கியும் (அதற்காக அவர்கள் இரு பியானோக்களுக்கு மாற்றியமைத்த இசைகளில் இன்று எஞ்சியிருப்பது 'பகனினி மாறுபாடுகள்' ஒன்றுதான்), போருக்குப் பிந்தைய கம்யூனிச அரசின் கெடுபிடியை எதிர்கொண்ட விதத்தில் வேறு வேறு வழியில் போனார்கள். 1954இல் சூரிச் வழியாக இங்கிலாந்துக்குத் தப்பிய பனூஃப்னிக், 1957 முதல் 1959 வரை பர்மிங்காம் நகர சிம்பொனி இசைக்குழுவை நடத்தியபின் முழுநேரப் படைப்புக்குத் திரும்பினார். தாய்நாட்டிலோ அவருடைய இசை 1977 வரை தடைபட்டிருந்தது. முதல் சிம்பொனி கண்டனத்துக்கு உள்ளானபோதும் நாட்டிலேயே இருந்த லுட்டோஸ்லாவ்ஸ்கி, குழந்தைப் பாடல்களும் வானொலி இசையும் எழுதிக் காலம் தள்ளி, கெடுபிடி தளர்ந்ததும் உலகப் புகழ் பெற்றார். இசைக்குழு நடத்துநராகப் பனூஃப்னிக்கின் வீச்சே பெரிது. லுட்டோஸ்லாவ்ஸ்கி பெரும்பாலும் தம் படைப்புகளையே நடத்தினார். ஆயினும் சொந்த ஊர் ரசிகர்களை இழக்காமலிருந்தது லுட்டோஸ்லாவ்ஸ்கிக்குப் பெரும் பலம் என்றே கருதுகிறேன்.