கறுப்பு சரி, கனம் இருக்கிறதா? லேசான ஸ்டவுட் மூன்று

ஸ்டவுட் என்றால் வலுவானது, தடித்தது என்று அர்த்தம். பதினெட்டாம் நூற்றாண்டு லண்டனில் போர்ட்டர் என்ற கறுப்பு பியரில் வலுவான ரகத்துக்கு வைத்த பெயர் அது. அதே பெயரை ஒட்டிக்கொண்டு 2 சதவீத ஆல்கஹாலோடு ஒரு பியர் வந்து நின்றால் கொஞ்சம் சிரிப்புதான் வருகிறது. ஆனால் கறுப்பாக இருந்தால் போதையும் அதிகம் என்று நினைப்பதும் தப்புதான். வழக்கமான கின்னஸ் டிராஃப்ட்டே 4.2 சதவீதம்தான், வெளிர் மஞ்சளாக இருந்துகொண்டு 5 சதவீதம் தாண்டும் லாகர் ரக பியர்கள் எத்தனையோ. கறுப்பு நன்றாக வறுத்த பார்லியால் வருவது, கொஞ்சம் போட்டாலே நிறம் ஏறிவிடும்.

சிக்கல் நிறத்தில் இல்லை. ஆல்கஹால் நாக்குக்கு ஒரு கனத்தையும் மெல்லிய இனிப்பையும் தொண்டையில் ஒரு கதகதப்பையும் தரும். அதைக் குறைத்தால் வறுவலின் கசப்பு துணையில்லாமல் நிற்கும், கருங்காப்பியில் வெந்நீரைக் கலந்தது போல. அந்தக் காலியிடத்தை எதை வைத்து நிரப்புகிறார்கள் என்று பார்க்கத்தான் மாக்கசன், ஸ்வீட்ஹார்ட், கின்னஸ் 0.0 மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றி வைத்தேன்.

மாக்கசனின் வழி லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை. 1907இல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் ஹைத் என்ற ஊரில் பிறந்த பியர் இது, இன்று 2.8 சதவீதம். பியர் ஈஸ்ட்டுக்கு லாக்டோஸை நொதிக்கத் தெரியாது. அதனால் போட்ட சர்க்கரை அப்படியே தங்கிவிடுகிறது. சாதாரண சர்க்கரையின் தித்திப்பில் பாதிகூட லாக்டோஸுக்குக் கிடையாது என்பதுதான் இதில் அழகு: இனிப்பு கொஞ்சம், கொழுமை நிறைய. போருக்குப் பிறகு பிரிட்டனில் பியர் லேபிளில் ‘பால்’ என்ற சொல் போடக்கூடாது என்றாகிவிட்டது. சொல் போனது, பால்கேன் படம் மட்டும் லேபிளில் தங்கிவிட்டது. ஊற்றினால் பழுப்பு நுரை எழும்பி, சீக்கிரமே அடங்குகிறது. முதல் மடக்கில் தித்திப்பு முந்திக்கொள்கிறது. இரண்டாவதில் சாக்லேட் மாதிரி ஒன்று. விழுங்கிய பிறகு அடிநாக்கில் வறுவலின் துவர்ப்பு மெதுவாக வந்து உட்கார்கிறது. அந்தத் துவர்ப்பு இல்லையென்றால் இதை வெறும் இனிப்புத் தண்ணீர் என்று தள்ளியிருப்பேன்.

ஸ்வீட்ஹார்ட் ஸ்காட்லாந்துக்காரன். 1958இல் வந்தது, 2 சதவீதம். டப்பாவில் நடிகை வெனிஷியா ஸ்டீவன்சனின் படம். இதிலும் இனிப்பைத்தான் நம்பியிருக்கிறார்கள், ஆனால் அதைத் தாங்க அடியில் வறுவல் போதவில்லை. பாதிக் கோப்பையிலேயே திகட்டிவிட்டது. ஸ்டவுட் என்று நினைக்காமல் ஒரு பழைய குளிர்பானம் என்று நினைத்துக் குடித்தால் கோபம் வராது.

கின்னஸ் 0.0 நேர் எதிர் வழி. வழக்கம்போலக் காய்ச்சி, பிறகு குளிர் வடிகட்டலில் ஆல்கஹாலைப் பிரித்துவிடுகிறார்கள், மிஞ்சுவது 0.05 சதவீதத்துக்கு மேல் இல்லை. காலியிடத்தை நிரப்புவது நைட்ரஜன். நீரில் அவ்வளவாகக் கரையாத வாயு என்பதால் குமிழி பொடிப்பொடியாக வருகிறது, நாக்கில் குத்துவதில்லை, பாலேடு போல வழுவழுப்பாக இறங்குகிறது. கோப்பைக்குள் நுரை கீழ்நோக்கி வழிவதைப் பார்த்துக்கொண்டிருந்தாலே பாதி மனது நிறைந்துவிடும். முதல் மடக்கில் மூன்றில் இதுதான் முதலிடம், சந்தேகமே இல்லை. கண்ணைக் கட்டிவிட்டுக் கொடுத்தால் நான் ஏமாந்திருப்பேன்.

ஆனால் லேசான ஸ்டவுட்டை முதல் மடக்கில் எடைபோடக் கூடாது. கடைசி மூன்றில் ஒரு பங்கைப் பாருங்கள், அதுவும் சில்லிப்பு விட்ட பிறகு. குளிர் எல்லாக் குறையையும் மறைக்கும். ஒருமுறை பெயர் சொல்ல விரும்பாத ஒரு பாட்டிலைப் பனிக்குளிரில் குடித்துவிட்டு ஆகா என்றேன். அரை மணி கழித்து அடியில் இருந்ததை முகர்ந்தால் நனைந்த அட்டைப்பெட்டி வாடை. காற்றுப் பட்டுக் கெட்ட பியர். ஆல்கஹால் நீக்கிய பியரில் இன்னொரு வாடையும் எட்டிப் பார்க்கும், வேகவைத்த மால்ட் மாதிரி, அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லி மாதிரி. கின்னஸ் 0.0 சூடேறியபோது அது லேசாகத் தலைகாட்டியது. நுரை அடங்கியதும் கனமும் கூடவே போய்விட்டது. கடைசி இரண்டு மடக்கு சப்பென்று இருந்தது. மாக்கசனோ அந்த நேரத்தில்தான் பேச ஆரம்பித்தது. 12 டிகிரியை நெருங்கியதும் வறுவல் மணம் முன்னால் வந்து தித்திப்பு பின்னால் போனது.

பிஜேசிபி என்ற பியர் நடுவர் அமைப்பின் தாளில் மொத்தம் 50 மதிப்பெண். மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் கனத்துக்கு வெறும் 5, ஒட்டுமொத்த அபிப்பிராயத்துக்கு 10. 7 சதவீத ஸ்டவுட்டுக்கு இது சரி. 2.8 சதவீதத்தில் கனம்தானே உயிர்? என் கையில் கொடுத்தால் தோற்றத்தின் 3ஐயும் மணத்திலிருந்து 4ஐயும் பிடுங்கி அங்கே போடுவேன். இனிப்பு ஸ்டவுட்டுக்கு அவர்கள் வகுத்த ஆல்கஹால் அளவே 4 முதல் 6 சதவீதம். பிரிட்டனில் இதற்கும் கீழே இருக்கலாம் என்று ஒரு குறிப்பும் போட்டிருக்கிறார்கள். அந்தக் குறிப்பு மாக்கசனுக்காகவே எழுதியது போல இருக்கிறது.

என் வரிசை மாக்கசன், கின்னஸ் 0.0, ரொம்ப தூரம் தள்ளி ஸ்வீட்ஹார்ட். பால் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாதவர்களும் ஆல்கஹால் பெயருக்கு மட்டும் இருந்தால் போதும் என்பவர்களும் கின்னஸ் 0.0ஐயே எடுக்கலாம். சின்னக் கோப்பையில் ஊற்றி, சில்லிப்பு விடும் முன்னே முடித்துவிடுங்கள்.