அயர்லாந்தில் ஊர் சுற்ற எந்தக் கவுண்டி (மாவட்டம்) நல்லது: லீட்ரிமா, லாங்ஃபோர்டா?

டப்ளினிலிருந்து ஸ்லைகோ போகும் ஒரே ரயிலில்தான் இரண்டும் வரும், முதலில் லாங்ஃபோர்ட், அப்புறம் லீட்ரிமின் கேரிக்-ஆன்-ஷானன். லீட்ரிம்தான் அயர்லாந்திலேயே ஆள் குறைந்த கவுண்டி, 2022 கணக்கெடுப்பில் சுமார் 35,000 பேர். கடற்கரை என்று பார்த்தால் நாலு கிலோமீட்டர் தேறும். ஆனால் அதன் தலைநகரான கேரிக்கில் ஷானன் ஆறு ஊரை ஒட்டியே ஓடுகிறது, படகை வாடகைக்கு எடுத்தால் 1994இல் மறுபடி திறந்த கால்வாய் வழியாக எர்ன் ஏரி வரை போய்விடலாம். கடைத்தெருவில் காஸ்டெல்லோ என்ற வியாபாரி மனைவி நினைவாகக் கட்டிய குட்டித் தேவாலயம் இருக்கிறது: வாசலைத் தாண்டியதும் இரு பக்கமும் தரைக்குள், கண்ணாடிக்கு அடியில், அவர்கள் இருவரின் சவப்பெட்டிகள்.

லாங்ஃபோர்டில் 2009 கிறிஸ்துமஸ் அன்று எரிந்து, ஐந்து வருடம் கழித்துத் திறந்த செயின்ட் மெல்ஸ் பேராலயம். தெற்கே கார்லியில், சதுப்பு நிலத்தில் கி.மு. 148இல் ஓக் பலகை பரப்பிய பாதை. சரி, இதற்கு அரை நாள் போதும், ராத்தங்க கேரிக்தான்.